துணியில் ஷூ தைத்த தாமஸ் பாட்டா



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரணும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, எடிசன் எல்லாரையும் ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கென்று யாரும் மிச்சமில்லை. ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரே நம்ம பசங்களின் ஷூக்கள் தாறுமாறாகக் கிடந்தன. அதில் பாதிக்கு மேல் துணி ஷூ. அப்போதுதான் முடிவு செய்தேன், ஒரு செருப்புத் தொழிலாளியைப் பற்றி எழுதுவது என்று. பெயர் தாமஸ் பாட்டா. ஆமாம், கடை போர்டில் சிவப்பாக இருக்கிறதே, அதே பாட்டாதான். அதை ஏதோ வங்காளத்துப் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.

பாட்டாவுக்கு முன்னால் எங்க அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். அவரால்தான் நான் இவரைத் தேடிப் போனேன்.

எங்களுக்கு ஊர் மணலூர்பேட்டை. தென்பெண்ணைக் கரை. தை 5-ம் தேதி திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற ஊர் என்றால் பல பேருக்குப் புரியும். அப்பாவுக்குக் கரும்பு வெட்டுகிற வேலை. சீசனில் ஆலைக்குப் போகிற கரும்புதான் எங்க வீட்டு அரிசி, என்னோட ஃபீஸ் எல்லாம்.

முதல் வருஷம் சேர்ந்தபோது திருவண்ணாமலையில் கறுப்பு கேன்வாஸ் ஷூ ஒன்று எடுத்தேன். பேன்ட்டுக்குப் போட்டால் நல்லாத்தான் இருந்தது. வெல்டிங் ஷாப்பில் இரண்டாவது வாரமே ஒரு பொறி விழுந்து வலது ஷூவில் மிளகு அளவுக்கு ஓட்டை. இன்ஸ்ட்ரக்டர் வெளியே அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். வெல்டிங் பொறியும், லேத்தில் சுருண்டு விழுகிற சூடான சீவலும் துணியைச் சும்மா விடாது. ஒர்க் ஷாப்புக்குத் தோல் ஷூதான். (ஜூனியர்கள் குறித்துக்கொள்ளவும்.) அப்பா மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கித் தோல் ஷூ எடுத்துக் கொடுத்தார். ஓட்டை விழுந்த ஜோடி திண்ணைக்கு அடியில் போனது.

அடுத்த சீசனில் அப்பாவுக்குக் கால் போச்சு என்று நினைத்தோம். வெட்டின கரும்பின் அடிக்கட்டை சாய்வாகக் கத்தி மாதிரி நிற்கும். அது ரப்பர் செருப்பைத் தாண்டிக் காலின் பக்கவாட்டில் ஏறிவிட்டது. மூன்று வாரம் வேலை இல்லை, கூலி இல்லை. கட்டுப் போட்ட டாக்டர், இனிமேல் கால் முழுக்க மூடுகிற மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா அந்தப் பழைய ஷூவை எடுத்துத் தட்டிக் கொடுத்தாங்க. எனக்கும் அப்பாவுக்கும் ஒரே சைஸ், 8. ஆனால் அவருக்கு லேஸ் கட்டத் தெரியவில்லை. 49 வயசில் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், நான் கட்டிக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே கட்டிவிட்டார்.

வயலில் ஒரு பிரச்சினையும் இல்லை. டீக்கடையில்தான் வந்தது வினை. மேலே மடித்துக் கட்டின வேட்டி, கீழே கேன்வாஸ் ஷூ. என்னப்பா, பி.டி. வாத்தியார் ஆயிட்டியா என்று ஒருத்தர். இந்த வயசுல எந்த இஸ்கூல்ல சேர்ந்திருக்கே என்று இன்னொருத்தர். விளையாட்டுக்குச் சொன்னதுதான். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டார். மறுநாள் பழையபடி ரப்பர் செருப்பு.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு கிண்டலுக்காகக் காலை மறுபடியும் குத்திக்கொள்வாரா ஒரு மனுஷன்? ராத்திரி பாட்டிதான் சொன்னாங்க. தாத்தாவின் பூர்வீக ஊர் ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்கே சில தெருக்களில் எங்க ஆளுங்க செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த முனைக்குப் போய்ப் போட்டுக்கணும். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையனாக அப்பாவும் அப்படி நடந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆளின் காலைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அது அவருக்கு வெறும் சிரிப்பாகவா இருக்கும்? நான் மேற்கொண்டு பேசவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனசில் உட்கார்ந்துகொண்டது. துணி ஷூ பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான், வளர்ந்த ஆம்பிளைக்கு ஆகாது என்று யார் முடிவு பண்ணினது? லைப்ரரியில் தேடினேன். அங்கேதான் தாமஸ் பாட்டா கிடைத்தார்.

அவர் பிறந்தது 1876 ஏப்ரல் 3. ஊர் ஸ்லின். இன்றைக்கு அது செக் குடியரசில், மொராவியாப் பகுதியில் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கிற குடும்பம். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். தொழில் கற்றது அப்பாவின் பட்டறையில். டிகிரியும் கிடையாது, டிப்ளமோவும் கிடையாது.

1894-ல் அண்ணன் அந்தோனின், அக்கா அன்னா இவர்களோடு சேர்ந்து, தாய் விட்டுப்போன பணத்தை முதலாகப் போட்டு ஸ்லினில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பட்டறையில் 10 பேர், வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்க 40 பேர். ஒரே வருஷத்தில் கழுத்து வரை கடன். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு. அக்காவும் கல்யாணமாகிப் போய்விட்டார். 1895-ல் தாமஸுக்கு வயசு 19, கிட்டத்தட்ட நம்ம வயசு. தனி ஆள். கடன்காரர்கள் வாசலில். தோல் வாங்கக் கையில் காசில்லை.

என்ன பண்ணினார்? தோல் இல்லையென்றால் துணி என்று முடிவு பண்ணினார். மேல் பாகம் முழுக்க கேன்வாஸ், அடியில் மட்டும் தோல். நம்ம ஊரில் அரிசி இல்லாத நாளில் கேழ்வரகுக் களி கிண்டுகிற கதைதான். ஆனால் அந்தக் களி விற்றது! எடை குறைவு, விலை குறைவு, பார்க்கவும் லட்சணம். அவர் பெயரை வைத்தே அந்த ஷூவுக்குப் பாட்டோவ்கா என்று பெயர் வந்தது. கம்பெனி ஐம்பது ஆள் வேலை செய்கிற அளவுக்கு வளர்ந்தது. கொஞ்ச வருஷத்தில் நீராவி மெஷினும் வந்தது.

நான் இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். முழுத் தோல் ஷூ வாங்க வசதியில்லாத, நாள் முழுக்க நின்று நடந்து வேலை பார்க்கிற வளர்ந்த ஜனங்களுக்காகத்தான் அந்தத் துணி ஷூ புறப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அங்கே இடமே இல்லை.

துணியில் ஷூ செய்த முதல் ஆள் அவர்தான் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே ரப்பர் அடி வைத்த துணி ஷூ போட்டிருந்தார்கள். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் வெயிலில் உருகாமல், குளிரில் உடையாமல் நிற்கும் என்று 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார் அல்லவா, வல்கனைசேஷன் என்று மெட்டீரியல்ஸ் பேப்பரில் படிக்கிறோமே, அதுதான் இதற்கெல்லாம் மூலம். காலடி அச்சின் மேல் துணியை இழுத்து மாட்டுவார்கள். அடியில் ரப்பர், சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டை. அப்படியே பெரிய ஆவிக் கொப்பரையில் வைத்து வேகவைத்தால் எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இட்லி மாதிரிதான்! ரப்பர் அடி சத்தம் போடாது, பூனை மாதிரி நடக்கலாம். அதனால் அமெரிக்கர்கள் ஸ்னீக்கர் என்று பெயர் வைத்தார்கள்.

பாட்டா கதைக்கு வருவோம். 1904-ல் தன் தொழிலாளர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் லின் என்று ஒரு ஊர், முழுக்க ஷூ தொழிற்சாலைகள். முதலாளி என்று சொல்லிக்கொண்டு சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்து மெஷினில் நின்றார். ஆறு மாசம். இன்பிளான்ட் டிரெயினிங் என்று நாமும்தான் போகிறோம், சர்ட்டிபிகேட்டில் சீல் வாங்குவதற்குள் அவசரம்!

1908-ல் அண்ணன் அந்தோனின் இறந்துபோனார். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது, ராணுவத்துக்கு பூட்ஸ் ஆர்டர். நாலு வருஷத்தில் ஆள் பலம் பத்து மடங்கு ஆனது. போர் முடிந்ததும் அத்தனையும் சரிந்தது. புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாகியாவில் பணத்தின் மதிப்பு ஆட்டம் கண்டது, ஜனங்களிடம் வாங்கும் சக்தி இல்லை, குடோன் நிறைய ஷூ தேங்கிக் கிடந்தது. மற்ற முதலாளிகள் ஆலையை மூடினார்கள். பாட்டா 1922-ல் ஷூ விலையைப் பாதியாகக் குறைத்தார். கடை முன்னால் கூட்டம் அலைமோதியது. விலை எல்லாம் 9-ல் முடிகிற மாதிரி போடுவது அவர் வழக்கம். நம்ம ஊரில் 99 ரூபாய் 95 காசு என்று போட்டால் பாட்டா விலை என்று கேலி பண்ணுவோமே, அதன் தாத்தா இதுதான்.

விலை பாதியான அதே நேரத்தில் தொழிலாளர் கூலியும் 40 சதவீதம் வெட்டப்பட்டது. சாப்பாடு, துணிமணி இவற்றைக் கம்பெனியே பாதி விலையில் கொடுத்து ஈடுகட்டியது. பிறகு லாபத்தில் பங்கும் கொடுத்தார். வீடு, ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை எல்லாம் கட்டினார். 1923-ல் ஸ்லினுக்கு அவரே மேயர். ஆனால் தொழிற்சங்கம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. வேலை கொடுப்பவரும் அவர், வீடு கொடுப்பவரும் அவர், ஊரை ஆள்பவரும் அவர் என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச யாருக்குத் தைரியம் வரும்? மாணவர் சங்கம் போடுகிற மலரில் இதை மறைத்து எழுத என்னால் முடியாது.

அவர் செய்ததில் என் மனசுக்குப் பிடித்தது 1925-ல் ஆரம்பித்த தொழில் பள்ளிதான். 14 வயசுப் பையன்கள், பகலில் ஆலையில் வேலை, சாயங்காலம் பாடம், தங்க ஹாஸ்டல். சம்பளம் உண்டு. அந்தச் சம்பளத்தில் தன் செலவைத் தானே பார்த்து, கணக்கு எழுதி, மிச்சம் பிடிக்கணும். பாட்டா காலத்துக்குப் பிறகு அங்கே படித்து வேலை பார்த்த ஒரு பையன், 1941-ல் ஸ்லினில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் இஷ்டமில்லாமல், கட்டாயத்தின் பேரில் ஓடி இரண்டாவதாக வந்தான். எமில் ஸாடோபெக்! 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினாரே, அவரேதான்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு தகவல். ஸ்லினில் ஆலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று பல கட்டடங்கள் 6.15 மீட்டருக்கு 6.15 மீட்டர் என்ற ஒரே கட்ட அளவில், கான்கிரீட் தூண், நடுவில் சிவப்புச் செங்கல் என்று கட்டப்பட்டவை. படத்தில் பார்த்தால் ஊரே ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எனக்கு அது அழகாகப் படவில்லை. ஆனால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

1931 கடைசியில் சொந்த விமானத்தில் கிழக்கே புறப்பட்டு நம்ம கல்கத்தா, சிங்கப்பூர் என்று போய் வந்தார். அந்த 1931-ல்தான் இந்தியாவில் பாட்டா கம்பெனி பதிவானது. கல்கத்தா பக்கம் கொன்னகரில் சின்னதாக வேலை தொடங்கியது. ஆனால் அது வளர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1932 ஜூலை 12 விடியற்காலை, ஸ்லினுக்குப் பக்கத்து ஓட்ரோகோவிட்ஸே விமானத் தளத்தில் கடும் பனிமூட்டம். சுவிட்சர்லாந்துக்குப் போகணும். விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. பாட்டாவும் பைலட் பிரவுசெக்கும் அங்கேயே இறந்தார்கள். வயசு 56. மறு வருஷம் ஸ்லினில் கண்ணாடிச் சுவரோடு ஒரு நினைவு மண்டபம் எழுப்பி, அதே ரக விமானம் ஒன்றை உள்ளே நிறுத்தினார்கள். பொறுப்புக்கு வந்தவர் அவருடைய தம்பி முறையான யான் பாட்டா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1945-ல் ஸ்லின் ஆலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1949 முதல் 1990 வரை ஊருக்கே பெயர் கோட்வால்டோவ்!

1934-ல் ஹூக்ளி நதிக் கரையில் அஸ்திவாரம் போட்டு எழுப்பிய ஊர்தான் பாட்டாநகர். 1936-ல் இந்தியப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டிரில் பீரியடில் போட்டுக்கொள்வதற்காக பாட்டா டென்னிஸ் என்ற வெள்ளை கேன்வாஸ் ஷூ வந்தது. கேள்விக்கு விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது. மொராவியாவில் உழைக்கிறவன் காலில் புறப்பட்ட துணி ஷூ, நம்ம நாட்டுக்குள் நுழையும்போது பள்ளிக்கூட வாசல் வழியாக நுழைந்திருக்கிறது! வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவைத்துக் காயப்போட்டு, திங்கட்கிழமை காலையில் சாக்பீஸைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஓடினது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். பத்தாவது முடிந்ததும் அந்த ஷூவை மறந்துவிடணும், அப்புறம் ஆபீசர் என்றால் தோல், கூலி என்றால் ரப்பர் என்று நாமாக ஒரு கோடு போட்டுக்கொண்டோம். டீக்கடையில் சிரித்தவர்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சிரித்திருக்கிறார்கள்.

பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். விமானம், மேயர் பதவி எதிலும் அவருக்கு ஆர்வம் வரவில்லை. தோல் வாங்கக் காசில்லை என்று சொன்ன இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தார். அப்ப அவனும் கடன்காரன்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்த ஓட்டை ஷூ வேண்டாம், வேற ஒண்ணு பாக்கலாம் என்றார்.

திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினோம். சாயங்காலமாகப் போனோம், நாள் முழுக்க நடந்த பிறகு கால் லேசாக உப்பியிருக்கும், அப்போது சரியாக இருந்தால்தான் எப்போதும் சரியாக இருக்கும். கடைப் பையன் பளபளவென்று மூணு கலரில் ஒன்றை எடுத்துப் போட்டான். அப்பா கையால்கூடத் தொடவில்லை. நானும் வேண்டாம் என்றேன். வேட்டிக்கும் ஒத்துக்கணும், என் காலேஜுக்கு வரும்போது போடுகிற அந்த ஒரே பேன்ட்டுக்கும் ஒத்துக்கணும் என்றால் ஒரே நிறம்தான் சரி. கோடு, எழுத்து எதுவும் கூடாது. 8-ம் நம்பர் போட்டு எழுந்து நிற்கச் சொன்னேன். விரல் முனைக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேணும். இல்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் அவர் என் சைஸில் காலை இடுக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். 9 எடுத்தோம். ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். வெர்னியர் வைத்து அளக்கிற நமக்கு அது மலை! அப்பாவின் சுண்டுவிரலில் காய்த்துப்போன இடம் அந்த எட்டரை மில்லிமீட்டரின் வேலை.

இது எங்கே செய்யறாங்க என்று கேட்டார். செய்யாறு சிப்காட்டில் தைவான் கம்பெனி ஒன்று வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் ஷூ செய்வதையும், நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டையில் இன்னொரு தைவான் கம்பெனி 2,302 கோடி ரூபாயில் தோல் இல்லாத ஷூ ஆலை போட 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனதையும் சொன்னேன். நம்மாளுங்க செய்யறதை நாம போட்டா சிரிப்பா என்று கேட்டுவிட்டு, அவரே குனிந்து லேஸைக் கட்டினார். சாம்பல் நிறம். பில் 499 ரூபாய். பாட்டா விலை!

தை 5 அன்று அப்பா வெள்ளை வேட்டி, சாம்பல் ஷூவோடு டீக்கடை வழியாகத்தான் ஆத்துக்கு வந்தார். அன்றைக்கும் ஒருத்தர் ஏதோ சொன்னார். அப்பா நின்று, 9-ம் நம்பர், 499 ரூபா, வேணும்னா கடை காட்டறேன் என்றார். அவ்வளவுதான், அந்த ஆள் குனிந்து தையலைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆத்தங்கரையில் மணல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஜனம். அண்ணாமலையார் தீர்த்தவாரி முடிந்ததும் அப்பா முழுக்குப் போட இறங்கினார். நான் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். பாட்டி மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்த இரண்டு ஷூவையும் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாங்க. கூட்டத்துல எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானாம்.